அளவறிந்து காண்டல்

திண்டுக்கல் என்னும் ஊர்க்கு அப்பெயரை அளித்தது, அவ்வூரின் மேற்பால் ஓங்கி நிற்கும் ஒரு பெரும்பாறை. திண்டினைப் போலக் கிடக்கும் கல் ஆதலின் திண்டுக்கல் என வழங்கலாயிற்று என்பர். மதுரை நாயக்க மன்னர் முத்துக் கிருஷ்ணப்பர் 1605-ஆம் ஆண்டில் அப்பாறையின்மேற் கோட்டை எழுப்பினார். 1755-இல் ஐதர் அலி அங்குப் படைத் தலைமை பூண்டிருந்தார். 1790-இல் ஆங்கிலக் கும்பினியார் அதனைக் கைப்பற்றினர். இங்ஙனம் பல்லோரும் அக்கல்லை விரும்பியதற்குக் காரணம் யாது? அதன் உச்சியில் நின்றால் நெடுந்தொலைவு வரையிற் காணலாம் என்பதே அக்காரணம்.

பாறையின் அடிவாரத்தில் நிற்கும் ஒருவன் ஒரு தெருவைக் காண்கின்றான். அத்தெருவிற் பூட்டுத் தொழிலாளர் ஒருவர் அரத்தால் சாவியை அராவுவதையும், அவர் அருகிற் கிடக்கும் பித்தளைத் தகட்டையும் காண்கின்றான். பாறையிற் செதுக்கிய படிகளில் பாதி ஏறித் திரும்பி நோக்கினால், தொழிலாளர் தெரியார். ஆயினும் தெருக்கள் ஒன்றோடொன்று கூடும் வகை தெரியும். உச்சியை அடைந்தால் தெருக்களும் மங்கிவிடும். ஆனால் நகர் முழுவதும், அதனைச் சூழ்ந்த சமவெளியும், தென்கிழக்கிற் சிறுமலையும், மேற்கிற் பழனிமலைத் தொடரும் ஒருங்கே தோன்றும். அடிவாரத்தில் நின்றவன் அவற்றுள் எதனையும் கண்டிலன்.

ஏறுந்தோறும் காட்சியின் பரப்பு விரிகின்றது. பொருள்களின் நுட்பம் குறைகின்றது. உச்சியில் நிற்பவன் கண்டது மெய். அடிவாரத்தில் நிற்பவன் கண்டதும் மெய். ஒன்றினைக் காண வேண்டிய இடத்தில் நின்று மற்றொன்றைத் தேடுவானாயின் அப்போதுதான் பிழை நேரும். நிலப்படம் கற்பார் முதற்கண் உணரத்தக்கது இவ்வுண்மையே.

நிலப்படம் என்பது பரந்த நிலத்தைச் சுருக்கித் தாளில் அமைத்துக் காட்டுவது. எவ்வளவு சுருக்கப்பட்டது என்பதைத் தெரிவிப்பதே அளவை. படத்தில் உள்ள தொலைவுக்கும் நிலத்தில் உள்ள தொலைவுக்கும் இடைப்பட்ட விகிதம் அது. அளவை குறிக்கப்பெறாத படம் சித்திரமாகலாம், நிலப்படம் ஆகாது.

அளவையை மூன்று வகையாற் குறிப்பர். 'ஒரு சென்டிமீட்டர் பத்துக் கிலோமீட்டரைக் குறிக்கும்' என்று சொல்லால் உரைப்பது ஒன்று. 1:10,00,000 என்று எண்ணால் எழுதுவது மற்றொன்று. ஒரு கோடு கீறி, அதனைச் சமபாகங்களாகப் பகுத்து, ஒவ்வொரு பாகமும் இத்துணைக் கிலோமீட்டர் எனக் காட்டுவது மூன்றாவது. இவற்றுள் கோட்டளவைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. படத்தைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ படியெடுத்தால், சொல்லும் எண்ணும் பொய்யாகிவிடும். கோடோ படத்தோடு தானும் நீண்டு சுருங்குமாதலின் பொய்யாவதில்லை.

இங்கு மாணவர் பலர் மயங்கும் இடம் ஒன்று உண்டு. உலகம் முழுவதையும் காட்டும் படத்தைப் 'பெரிய அளவைப் படம்' என்றும், ஒரு சிற்றூரைக் காட்டும் படத்தைச் 'சிறிய அளவைப் படம்' என்றும் கருதுவர். உண்மை இதற்கு மறுதலை. ஒரு பழத்தை ஆயிரங் கூறாக்கினால் ஒரு கூறு பெரிதா, பத்து லட்சங் கூறாக்கினால் ஒரு கூறு பெரிதா? ஆயிரத்தில் ஒன்றே பெரிது. ஆகவே 1:1,000 என்பது பெரிய அளவை. அது சிறு நிலத்தை நுட்பமாகக் காட்டும். 1:10,00,000 என்பது சிறிய அளவை. அது பெருநிலத்தைப் பருமையாகக் காட்டும்.

எடுத்துக்காட்டால் இது தெளிவாகும். திண்டுக்கல்லிலிருந்து மதுரை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1:10,00,000 என்னும் அளவையில் அத்தொலைவு 5 சென்டிமீட்டர். ஒரு சிறுவனின் விரல் அளவே. 1:50,000 அளவையில் அது ஒரு மீட்டர். மேசையின் நீளத்தை எட்டிவிடும். 1:1,000 அளவையிலோ 50 மீட்டர். அப்படத்தை விரிக்கப் பள்ளி விளையாட்டு மைதானம் வேண்டும்.

இனி, கோட்டின் பருமனைக் கருதுக. படம் வரைவோன் கூரிய எழுதுகோலால் அரை மில்லிமீட்டர் பருமனில் ஓர் எல்லைக்கோடு இழுக்கின்றான் எனக் கொள்வோம். பத்து லட்சத்தில் ஒன்று என்னும் அளவையில் அக்கோடு நிலத்தில் 500 மீட்டர் அகலத்தை விழுங்கிவிடும். அதன் அடியில் ஒரு குளமும் அதன் கரையும் ஒரு சிற்றூரும் மறைந்து போகலாம். 1:50,000 அளவையில் அக்கோடு 25 மீட்டரை மறைக்கும். 1:1,000 அளவையில் அரை மீட்டரையே மறைக்கும். அஃது ஏறக்குறைய ஒரு வயல்வரப்பின் அகலம். ஆதலின், வரப்பு வழக்கைத் தீர்க்க விரும்புவோர் மாநிலப் படத்தைக் கொணர்ந்து பயனில்லை. அதற்கென அமைந்தது வருவாய்த் துறையாரிடம் உள்ள புலப்படமே.

நம் நாட்டு நிலப்படங்கள் இந்த ஒழுங்கினை எத்துணை அழகாகப் பின்பற்றுகின்றன என்பது அறியத்தக்கது. 1767-இல் தோன்றிய இந்திய நில அளவைத் துறை நெடுங்காலம் கையாண்ட எண் முறைப்படி, 58 என்னும் எண்ணுடைய தாள் கிழக்குத் தீர்க்கம் 76 பாகை முதல் 80 பாகை வரையிலும், வட அட்சம் 8 பாகை முதல் 12 பாகை வரையிலும் உள்ள நிலத்தைப் பத்து லட்சத்தில் ஒன்று என்னும் அளவையிற் காட்டும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி அதனுள் அடங்கும். அதில் திண்டுக்கல் நகரம் ஒரு புள்ளி. அத்தாளைப் பதினாறு கட்டமாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் 1:2,50,000 அளவையில் வரைந்தனர். அவற்றுள் ஒவ்வொன்றையும் மீண்டும் பதினாறாகப் பகுத்து 1:50,000 அளவையில் வரைந்தனர். ஒரே தாள் இங்ஙனம் 256 தாள்களாக விரிகின்றது. திண்டுக்கல் 58 எஃப் என்னும் கட்டத்தின் பதினைந்தாம் தாளில் உள்ளது. 78 பாகைத் தீர்க்கக் கோடு நகரின் கிழக்கே மிக அணித்தாகச் செல்கின்றது. அக்கோட்டைத் தாண்டினால் வேறொரு தாள் தொடங்கிவிடும். இந்த அளவையில் கோட்டைப் பாறை ஒரு விரல் நகத்தளவாய்த் தோன்றும். சமவுயரக் கோடுகள் நெருங்கிய இடம் செங்குத்துச் சரிவு என்றும், விலகிய இடம் மென்சரிவு என்றும் அறியலாம்.

இத்தகைய படங்கள் எளிதில் உருவானவை அல்ல. 1802-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 10-ஆம் நாள், சென்னைப் பரங்கிமலையை அடுத்து லாம்ப்டன் என்பார் நிலத்தில் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளமே உடைய அக்கோட்டை நூறடிச் சங்கிலி கொண்டு அளந்து முடிக்க 57 நாள் ஆயிற்று. அக்கோட்டினின்றே முக்கோணங்களைத் தொடுத்து நாடு முழுவதையும் அளக்கும் பெரும்பணி வளர்ந்தது. ஏறத்தாழ 78 பாகைத் தீர்க்கக் கோட்டை ஒட்டிக் குமரிமுனை முதல் இமயத்தின் அடிவாரம் வரை சுமார் 2,400 கிலோமீட்டர் நீளத்திற்கு அம்முக்கோணத் தொடர் சென்றது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேற் கோணமானியை ஏற்றுங்கால், கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்ப்டன் மனந்தளராது தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டுப் பணியைத் தொடர்ந்தார். 1823-இல் அவர் மறைந்த பின்னர் எவரெஸ்டு என்பார் அதனை நடத்தினார். அடிக்கோட்டில் ஓர் அங்குலம் பிழைப்பின், தொலைவு செல்லச் செல்ல அப்பிழையும் உடன் வளரும் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

பெருநிலத்தை முக்கோணத்தால் அளந்தனர். சிறு புலத்தைச் சங்கிலியால் அளந்தனர். அளவுச் சங்கிலி 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் உடையது. எண்பது சங்கிலி ஒரு மைல். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். உழவர் இன்றும் வழங்கும் 'சென்ட்' என்பது அவ்வேக்கரில் நூற்றில் ஒரு பங்கேயாகும்.

இந்நாளிற் கைப்பேசியின் திரையில் தோன்றும் நிலப்படத்தை இரு விரலால் விரித்து வேண்டிய அளவு பெரிதாக்குகின்றனர். விரிக்குந்தோறும் புதிய தெருவும் வீடும் தோன்றுமாயின், பெரிய அளவையில் அளந்த செய்திகள் அதனுள் முன்னமே சேர்க்கப்பட்டுள்ளன என்பது பொருள். மாறாக, அச்சிட்ட சிறிய அளவைப் படம் ஒன்றை உருப்பெருக்கினால் கோடு தடிக்குமேயன்றி வயல் தோன்றாது. அளந்து அறியாத செய்தியைக் கண்ணாடி காட்ட இயலாது.

படத்திற்கு உரிய இவ்விதி எண்களுக்கும் உரியது. நில நூலார் மழை, விளைச்சல், மக்கள் தொகை முதலியவற்றைத் திரட்டி, வார்டு, ஊராட்சி, வட்டம், மாவட்டம், மாநிலம் என்னும் படிகளில் வைத்து ஆராய்வர். இப்படிகளும் பாறையின் படிகள் போல்வனவே. ஏறுந்தோறும் பரப்பு விரியும், நுட்பம் குறையும்.

2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கை நோக்குக. அவ்வாண்டில் தமிழ்நாட்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 555 பேர் வாழ்ந்தனர். திண்டுக்கல் மாவட்டத்தின் மக்கள் தொகை 21,59,775. சதுர கிலோமீட்டருக்கு 357 பேர். இதனை மட்டும் கண்டார், 'திண்டுக்கல் நெருக்கமற்ற இடம்' என்பர். ஆனால் அவ்வாண்டில் திண்டுக்கல் நகரத்தில் 2,07,327 பேர் ஏறத்தாழ 14 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் வாழ்ந்தனர். ஆண்டுச் சதுர கிலோமீட்டருக்குப் பதினாலாயிரத்திற்கும் மேற்பட்டோர் இருந்தனர் என்பது இதனாற் புலப்படும். நகரத்து நெருக்கத்தையும், பழனிமலை சிறுமலைக் காடுகளின் வெறுமையையும் ஒரே தட்டிற் கொட்டிக் கலந்ததனால் வந்ததே 357 என்னும் எண். அந்த எண் நகரத்தின் நெருக்கத்தையும் காட்டாது, காட்டின் வெறுமையையும் காட்டாது.

எல்லையை மாற்றினாலும் எண் மாறும். 1985-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரை மாவட்டத்தினின்றும் பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமாயிற்று. அன்று எக்குடும்பமும் இடம் பெயரவில்லை. எம்மேகமும் திசை மாறவில்லை. ஆயினும், அதுவரை மதுரையின் சராசரியில் அடங்கியிருந்த பழனியும் கொடைக்கானலும் வேடசந்தூரும் மறுநாள் முதல் வேறொரு சராசரியிற் சேர்ந்தன. எண் மாறியது நிலத்தினால் அன்று, கோட்டினால்.

மழையும் அவ்வாறே. கொடைக்கானல் கடல் மட்டத்திற்கு மேல் இரண்டாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கு ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டரை ஒட்டி மழை பொழியும். கீழே சமவெளியில் அதில் ஏறக்குறையப் பாதியே பெய்யும். இரண்டையும் கூட்டி வகுத்த எண்ணை நம்பி விதைக்கும் சமவெளி உழவன், தன் வயலிற் பெய்யாத மழைக்கு விதைத்தவன் ஆவான். ஆற்றின் சராசரி ஆழம் இடுப்பளவே என்று கணக்கிட்டுத் தன் குடும்பத்தோடு இறங்கிய கணக்கன் நடு ஆற்றில் மூழ்கிய கதையை யாவரும் கேட்டிருப்பர். கணக்குத் தவறவில்லை, ஆறுதான் எங்கும் ஓராழமாய் இல்லை.

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பதனால், ஓரிடத்தை ஆராய்ந்து எல்லா இடத்தையும் அறியலாகாதோ என வினவலாம். ஒரே பானையில், ஒரே தீயில், ஒரே நீரில் வெந்த சோற்றுக்கே அப்பழமொழி பொருந்தும். மலையும் சமவெளியும் நகரமும் வெவ்வேறு பானைகள். மேற்படியில் கண்ட சராசரியைக் கீழ்ப்படியில் உள்ள ஒவ்வொருவர்மேலும் ஏற்றுதல் பிழை. கீழ்ப்படியில் கண்ட ஒன்றை மேற்படி முழுவதற்கும் விரித்தலும் பிழை.

இப்பிழையால் விளைவது தேர்வில் மதிப்பெண் குறைதல் மட்டும் அன்று. சிலபோது உயிரே அதனைப் பொறுத்து நிற்கும். 1854-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் ஒரு பகுதியிற் காலரா நோய் பரவி அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நகர் முழுவதற்குமான இறப்புக் கணக்கு, நோய் பெருகிற்று என்று கூறியதேயன்றி எங்கிருந்து வந்தது என்று கூறவில்லை. ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் வீடுதோறும் சென்று, இறந்தோர் எந்நீரைப் பருகினர் எனக் கேட்டறிந்தார். பெரும்பாலோர் பிராடு தெருவில் இருந்த ஒரு குழாயின் நீரைப் பருகியவர் எனக் கண்டார். செப்டம்பர் 8-ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது. பின்னர் அவர் ஒவ்வோர் இறப்பையும் அதனதன் வீட்டின் அருகே ஒரு கோடாகக் குறித்து அமைத்த தெருப்படத்தில், அக்குழாயைச் சூழ்ந்தே கோடுகள் குவிந்திருந்தன. நகர அளவையிற் புலப்படாத உண்மை தெரு அளவையிற் புலப்பட்டது.

இதனை ஒத்த செய்தி திண்டுக்கல் சமவெளியிலும் உண்டு. சிறுமலையிலும் பழனிமலையின் கீழ்ச்சரிவுகளிலும் பிறக்கும் நீரோடைகள் கூடிக் குடகனாறாகி, வடக்கு நோக்கி வேடசந்தூர் வழியே சென்று அமராவதியிற் கலக்கின்றன. மாநிலப் படத்தில் அது நீலக் கோடு. நீர் என்றும் ஓடுவது போலத் தோன்றும். நேரிற் சென்று காண்போர்க்கு ஆண்டின் பெரும்பகுதியும் மணலே தென்படும். ஆகவே அச்சமவெளியில் வாழ்வார்க்குக் கிணற்று நீரே உயிர்நீர். அவ்வாற்றுப் படுகையின் மேற்பகுதியில், திண்டுக்கல்லைச் சூழ்ந்து, தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பல எழுந்தன. பச்சைத்தோலைக் கெடாது காக்க உப்பு இடுவர். பதப்படுத்தக் குரோமியம் முதலிய பொருள்களைச் சேர்ப்பர். கழிவுநீர் தூய்மை செய்யப்படாது நிலத்திற் பாய்ந்த இடங்களில் அவ்வுப்பு மண்ணிற் புகுந்து கிணறுகளை எட்டியது. குடிக்க இனித்த நீர் உவர்த்தது. வயல்களின் விளைவு குன்றியது.

இங்குச் சராசரியின் இயல்பை ஒரு கணக்கால் உணரலாம். ஒரு வட்டாரத்தில் பத்துக் கிணறுகள் உள எனக் கொள்க. எட்டுக் கிணற்று நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. ஆலையை அடுத்த இரண்டு கிணற்று நீரில் 5,000 மில்லிகிராம் கரைந்துள்ளன. பத்தின் சராசரி 1,400. குடிநீரில் 500 வரை இருத்தல் நன்று, வேறு நீர் கிட்டாவிடத்து 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிறுவனத்தின் வரையறை. சராசரியை மட்டும் பார்ப்பவர், 'இவ்வட்டாரத்து நீர் வரம்பிற்கு உட்பட்டதே' என்று எழுதி ஏட்டை மூடிவிடுவார். அந்த இரு கிணற்றை நம்பி வாழும் குடும்பத்தார் வாயில் வைக்கவியலாத நீரோடு நிற்பர். எண் பொய் சொல்லவில்லை. ஆயினும் அவர்கள் துன்பம் எண்ணினுள் மறைந்துவிட்டது.

1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்தது. திண்டுக்கல்லும் அத்தீர்ப்பிற் சுட்டப்பெற்ற மாவட்டங்களுள் ஒன்று. கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையங்களை அமைத்தல் வேண்டும் என்றும், கெட்ட நிலத்தையும் நீரையும் திருத்துதற்கும் கேடுற்ற மக்களுக்கு இழப்பீடு அளித்தற்கும் ஆவன செய்ய ஓர் அமைப்பினை நிறுவுதல் வேண்டும் என்றும் அது ஆணையிட்டது. கேடுற்றார் யாவர் என்று மாவட்டச் சராசரியைக் கொண்டு கூற இயலுமோ? இன்ன ஊர், இன்ன புலம், இன்ன கிணறு என்று கீழ்ப்படி வரை இறங்கிக் கண்டாலன்றி நீதி உரியவரைச் சென்று சேராது.

அங்ஙனமாயின் சிறிய அளவையாற் பயனே இல்லையோ எனின், அதுவும் அன்று. ஒரு கிணற்றை மட்டும் நோக்குவான் அதன் உவர்ப்பை அறிவான்; அவ்வுவர்ப்பு எம்மேட்டினின்று எப்பள்ளத்திற்குப் பரவுகின்றது என்பதை அறியான். அதற்கு ஆற்றுப் படுகை முழுவதையும் காட்டும் படம் வேண்டும். ஒரு மாவட்டத்திற்கு எத்துணை மருத்துவமனை, எத்துணைச் சாலை வேண்டும் என வகுப்போர்க்கு மாவட்டத் தொகையே வழிகாட்டும். வினாவிற்கு ஏற்ற அளவையைத் தேர்தலே அறிவுடைமை. படத்தையோ எண்ணையோ கையில் எடுக்குமுன், 'அறிய விரும்புவது யாது? இஃது எப்படியினின்று கண்டது? இதனுள் மறைந்தது எது?' என்னும் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளல் வேண்டும்.

கோட்டையின் உச்சிக்கு ஏறியவன் நாட்டின் பரப்பைக் கண்டான். ஆயின் பூட்டு இயற்றுவோரின் கையையும், கிணற்றடியில் வெறுங்குடத்தோடு நிற்பவளின் முகத்தையும் காண விரும்பினால் அவன் படியிறங்கி வருதல் வேண்டும். ஏறவும் இறங்கவும் கற்றவனே நிலத்தை உள்ளவாறு அறிந்தவன் ஆவான்.

பயிற்சி

1. அளவையைக் குறிக்கும் மூன்று முறைகள் யாவை? அவற்றுள் கோட்டளவையின் சிறப்பு யாது?
2. 1:1,000 என்பதனைப் பெரிய அளவை என்றும், 1:10,00,000 என்பதனைச் சிறிய அளவை என்றும் கூறுவது ஏன்?
3. ஒரு படத்தின் அளவை 1:50,000. அதில் இரண்டு ஊர்களுக்கு இடையே 7 சென்டிமீட்டர் தொலைவு உள்ளது. நிலத்தில் அத்தொலைவு எவ்வளவு?
4. 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்னும் பழமொழி நில ஆராய்ச்சியில் எவ்விடத்துப் பொருந்தும்? எவ்விடத்துப் பொருந்தாது?
5. உங்கள் ஊரில் உள்ள பத்துக் கிணறுகளின், அல்லது குழாய்களின், நீரைச் சுவைத்தறிந்தோர் கூறுவதைக் கேட்டு, ஊர்ப்படம் ஒன்றில் நன்னீர், உவர்நீர் எனக் குறித்துக் காட்டுக.